ராகு காலத்தில் ஆறிய இன்ஜின்

எண்பதுகளில் ஒருநாள், எங்கள் வசதிக்கேற்ற பழைய கார் பார்க்க விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போயிருந்தோம். வண்டி உறுமிக்கொண்டு தயாராக நின்றது. ஓட்டிப் பார்த்தேன், பிரமாதம். அட்வான்ஸ் கொடுக்கப் போனபோது மனைவி தடுத்தாள்.

"ராகு காலம் வந்துடுச்சிங்க. முடியட்டும்."

"அதெல்லாம் பாத்துக்கினு இருந்தா வேற பார்ட்டி வந்துடும் சார்," என்றார் வண்டிக்காரர்.

அவள் மசியவில்லை. டீக்கடையில் எரிச்சலோடு காத்திருந்தேன்.

ராகு காலம் முடிந்து சாவியைத் திருப்பினால், கார் முனகியதே தவிர கிளம்பவில்லை. தள்ளியும் பார்த்தோம்.

"இப்பதான ஓடிக்கினு இருந்துச்சி!" என்று அவர் தலையைச் சொறிந்தார். நாங்கள் வருமுன்பே இன்ஜினைச் சூடேற்றி வைத்திருந்திருக்கிறார்; ஆறியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது! 'அப்பாடா' என்று பணத்தோடு பஸ் ஏறினோம்.

ராகு காலத்தில் எனக்கு இன்றும் நம்பிக்கையில்லை. ஆனால் பழைய கார் வாங்கப் போகிறவர்களிடம், ராகு காலம் தொடங்கும் நேரத்தில் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.