லூனாஸில் ஒரு வெந்நீர்க் கச்சேரி

ஞாயிறு, காலை ஒன்பதரை. ஈப்போவில் ரயில் ஏறும்போது என் பையில் ஒரு மாற்றுச் சட்டையும், இருபத்தைந்து மலேசிய வெள்ளிக்கு வாங்கிய பொன்னாடையும் இருந்தன. லூனாஸில் கித்தார்க்காரர் மாணிக்கம் அண்ணனின் ராக் கச்சேரி. வெறுங்கையோடு போனால் நன்றாகவா இருக்கும்?

புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, இருபத்திரண்டு வெள்ளிக்கு ஒரு கார் பிடித்தேன். செம்பனைத் தோட்டமும் தொழிற்சாலையும் மாறி மாறி வந்த சாலை. அண்ணனின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அவரு இன்னும் வாசிக்கிறாரா அண்ணே? எங்க அப்பா கல்யாணத்துக்கே அவருதான் லா."

பிற்பகல் மூன்றே முக்கால் மணி. டயர் கடைக்கு மேல்மாடியில், அறுபது நாற்காலி போட்ட குளிரூட்டிய அறை. மேடைக்குப் பின்னால் அண்ணன் இடது கையை வெந்நீர் வாளியில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்குபோல் வீங்கியிருந்தன. அவர் மனைவி ராஜாத்தி அக்கா, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கைக் கவிழ்த்து மிச்சச் சூட்டையும் ஊற்றினார். இப்படி ஊறவைத்தால் கால் மணி நேரம் விரல் மடங்குமாம், பிறகு விறைத்துவிடுமாம்.

நாற்பது வருடமாகக் கல்யாணத்திலும் திருவிழாவிலும் ஊருக்குத் தெரிந்த பாட்டையே வாசித்தவர் அவர். தாமே அமைத்த ஒரு மெட்டை எந்த மேடையிலும் வாசித்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அடுத்த மாதம் கையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கித்தார் கிடையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு தடவ ஆளுங்க முன்னாடி வாசிச்சிடணும் தம்பி. அது போதும்," என்றார்.

நான்கு மணிக்குத் தொடங்கினார். சபைக்காகத் தெரிந்த பாட்டு ஒன்று, விசில் பறந்தது. பிறகு, "இது நான் போட்டது," என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த மெட்டை எடுத்தார். தகரக் கூரையில் முதல் தூறல் விழுவதுபோல மெல்லத்தான் ஆரம்பித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்போது கதவு திறந்தது. மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த சிறப்பு விருந்தினர், டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர், அப்போதுதான் வந்தார். பெரிய மனிதர் வந்தால் நம் கூட்டங்களில் இசை நிற்கும், அதற்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. டிரம்ஸ்காரர் தாமாகவே குச்சியைக் கீழே வைத்தார். எல்லோரும் எழுந்தோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். மாலை, பொன்னாடை, பிறகு உரை. நம் கலைஞர்களை நாம்தான் போற்ற வேண்டும் என்று டத்தோ ஆற அமர விளக்கினார். அண்ணன் பொன்னாடைக்குள் இடது கையை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். மேடையோரம் அக்கா காலிப் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்திருந்தார். உரை முடிந்ததும் நானும் கைதட்டினேன்.

படம் எடுத்துக்கொண்டு டத்தோ போனபின் அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். மோதிர விரல் இறங்கவில்லை. தந்தி இரைந்தது. முதலிலிருந்து எடுத்தார், அதே இடத்தில் நின்றது. தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து சபை எழுந்து நின்று கைதட்டியது.

ஆறு மணிக்குப் படியிறங்கும்போது, நாளைக்கு வீட்டில் வெந்நீர் வைத்து எனக்காவது வாசிக்கலாமே என்று கேட்டேன்.

"வீட்டுலதான் தம்பி இவ்வளவு நாளும் வாசிச்சேன். செவுரு கேட்டுச்சு, போதும்," என்றார்.

வீட்டு அலமாரியில் பொன்னாடை வைக்க இனி இடமில்லை என்றார் அக்கா. என் பையை நான் திறக்கவில்லை.

திரும்பும் ரயிலில், ஈப்போவாக இருந்தால் வேறு மாதிரி நடந்திருக்குமா என்று யோசித்தேன். இருக்காது. அங்கே முதலில் எழுந்து நிற்பவன் நானாகவே இருப்பேன். கேட்ட அந்தக் கொஞ்சத்தையாவது காப்பாற்றலாம் என்று மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். தைப்பிங் தாண்டியதும் அது வேறு ஏதோ பழைய கல்யாணப் பாட்டாக மாறிவிட்டது. எவ்வளவு முயன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.