இடமிருந்து மூன்றாவது புள்ளி

மகள் பரணிலிருந்து எடுத்த பள்ளி ஆண்டு மலரை விரித்ததும் பழைய அச்சு மையின் வாசம் எழுந்தது. மலர்க்குழுவில் நாங்கள் ஆறு பேர். நெய்வேலிச் சுரங்கத்தில் மலைபோல் நின்று மண்ணை வாரிக்கொண்டிருந்த சக்கர இயந்திரத்தின் முன்னால்தான் எங்கள் படத்தை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டோம். அது கேமராவுக்குள் அடங்கவே இல்லை. போட்டோக்கார அண்ணன் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்.

"இன்னும் போனா உங்க மூஞ்சியே தெரியாது, பரவால்லியா?" என்று அங்கிருந்து கத்தினார்.

"பரவால்லண்ணா, மிஷின் முழுசா வரட்டும்!" என்றோம் ஆறு பேரும்.

படத்தின் கீழே இடமிருந்து வலமாக எங்கள் பெயர்கள், மேலே ஆறு புள்ளிகள்.

"இதுல நீ எங்கம்மா?"

மூன்றாவது புள்ளியைத் தொட்டேன். நாங்கள் நின்ற தரையையும் அந்த இயந்திரம் பிறகு வாரி எடுத்துவிட்டது. இன்று அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால், அடியில் ஓடும் லாரியும் ஒரு புள்ளிதான்.