வரப்பில் ஏறாத சக்கரம்

திருப்பனந்தாள் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது என் மனைவியின் தங்கை கலைவாணியிடமிருந்து அழைப்பு வந்தது. "அத்தான், அவரு போயிட்டாரு. நம்ம வீட்டுக் கட்டில்லதான்... தூக்கத்துலயே." அந்த அழுகையிலும் கட்டிலைச் சொல்ல அவர் மறக்கவில்லை. அதற்கொரு காரணம் உண்டு.

கலைவாணியின் கணவர் முத்துக்குமரன், எனக்குச் சகலை, கார் பந்தய வீரர். அவர் ஓட்டியது நாம் தெருவில் பார்க்கும் கார் அல்ல. ஒரு சின்னப் படகுக்குப் பக்கத்துக்கு இரண்டாகச் சக்கரம் மாட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர்தான் உட்காரலாம். சக்கரங்களுக்கு மூடி கிடையாது. ஓடும்போது இரண்டு கார்களின் சக்கரங்கள் உரசினால் ஒன்று ஆகாயத்தில் பறக்கும்.

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் மாமனார் இதைத்தான் கேட்டார். "தம்பி, எம்பொண்ணு எத்தன வருசத்துக்கு உங்கள நம்பலாம்?" முத்துக்குமரன் காபியைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, நான் கட்டில்லதான் சாவேன். கட்டில் மட்டும் நீங்க நல்லதா வாங்கிக் குடுங்க" என்றார். மாமனாரே சிரித்துவிட்டார்.

அவர் முதலில் ஓட்டியது அப்பாவின் டிராக்டர். உள்ளூரிலும் பக்கத்து ஊர்களிலும் நடவுக்கு முன் வயலைச் சேறடித்துக் கொடுப்பார். ஒருநாள் இரும்புச் சக்கரம் கோவிந்தசாமி என்பவரின் வரப்பைக் கடித்துவிட்டது. "வண்டிய நிறுத்துடா! மம்பட்டிய எடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் நடவுப் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னிலும் முத்துக்குமரன் வரப்பைக் கட்டி, மெழுகிக் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு எந்த வயலிலும் அவர் சக்கரம் வரப்பைத் தொட்டதில்லை.

டிப்ளமோ முடித்துச் சென்னையில் பந்தயக் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். விடுமுறை நாளில் அங்கிருந்த கோ-கார்ட் என்னும் குட்டிக் காரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சேற்றில் டிராக்டர் ஓட்டியவருக்கு வண்டி வழுக்கினால் பதற்றம் வருமா? பட்டறை முதலாளியே அவரைப் பந்தயத்தில் இறக்கினார்.

ஆனால் ஒரு சிக்கல். பந்தயத் தளத்தின் வளைவுகளில் ஓரமாகச் சிவப்பும் வெள்ளையும் பூசிய மேடு இருக்கும். எல்லாரும் அதன்மேல் சக்கரத்தை ஏற்றிக் குறுக்கே போவார்கள், நேரம் மிச்சமாகும். இவர் மட்டும் ஏற்றவே மாட்டார்.

"யோவ், அது ரோடுய்யா! ஏத்து!" என்று பயிற்சியாளர் கத்துவாராம்.

"தெரியுது சார். கால்தான் கேக்க மாட்டேங்குது. வரப்புல ஏத்துனா கோவிந்தசாமி வந்து நிப்பாரு."

"யாருய்யா அந்தக் கோவிந்தசாமி?"

பட்டறை முழுக்க இது பரவி, அவருக்கே 'கோவிந்தசாமி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அந்த முதல் வருடம் கடைசி வரிசைதான். பிறகு மேட்டில் ஏற்றாமலே வேகமாகத் திரும்ப மெல்லப் பழகிக்கொண்டார். கார்ட்டிலிருந்து, ஃபார்முலா கார் என்னும் அந்தப் படகு மாதிரி வண்டியில் சிறியதற்கும், அதிலிருந்து பெரியதற்கும் ஏறினார். ஏறிய இடத்தில் நடுவரிசையிலேயே நின்றுபோனார். கல்யாணமும் ஆகிவிட்டது. "இந்த வருசம் வெளிநாட்டுக் கம்பெனி எதுவும் கூப்பிடலன்னா ஊருக்கு வந்து டிராக்டர் ஓட்டுறேன்" என்று மாமனாருக்கு வாக்குக் கொடுத்தார்.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்குக் கலைவாணியோடு நானும் போயிருந்தேன். வெளிநாட்டு அணிக்காரர் ஒருவர் ஆள் தேட வந்திருந்தார். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. பூச்சு பூசிய அந்த மேடு நனைந்தால் பாசி பிடித்த படித்துறை மாதிரி. வழக்கம்போல் அதில் ஏறியவர்கள் ஒவ்வொருவராகச் சுழன்று புல்லில் போய் நின்றார்கள். முத்துக்குமரனின் கார் மட்டும், வரப்புக்கு ஒரு சாண் விட்டுச் சேறடிப்பது போல, மேட்டைத் தொடாமல் வளைந்து வந்துகொண்டே இருந்தது. கலைவாணி என் கையைப் பிடித்திருந்தார். "ஜெயிக்க வேணாம் அத்தான், வந்தாப் போதும்" என்றார். வந்தார். முதலாவதாகவே வந்தார்.

இறங்கியதும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தினார்: "சகலை! கோவிந்தசாமிக்குப் போன் போடுங்க!"

அந்த வெளிநாட்டு அணி அவரை எடுத்துக்கொண்டது. ஆசிய நாடுகளில் சில வருடங்கள், ஐரோப்பாவில் ஒரு வருடம் ஓட்டினார். உச்சத்தில் இருந்த கடைசிப் படிக்கு அவர் போகவில்லை. கேட்டால் மறைக்க மாட்டார். "ஒரு படி பாக்கி சகலை. நின்ன எடமே எனக்கு மச்சு வீடு மாதிரிதான்" என்பார். எங்கே ஓட்டினாலும் இறங்கியதும் கலைவாணிக்குப் போன் போட்டு ஒரே வார்த்தை சொல்வார்: "முழுசா இருக்கேன்." அந்த வார்த்தையில்தான் எங்கள் இரண்டு குடும்பமும் தூங்கியது. பந்தயத்தை விட்டபின் பயிற்சியாளர் ஆனார். சம்பா நடவுக்கு ஊருக்கு வந்து சேறடிப்பதை மட்டும் விடவில்லை.

அப்படி ஊருக்கு வந்திருந்தபோதுதான் போனார், இதயக் கோளாறால். வண்டியில் ஏற்றிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். வாய்க்கால் திருப்பத்தில் வண்டி திரும்ப இடமில்லை. அந்த இடத்து வயல் கோவிந்தசாமியுடையது. இப்போது மிகவும் தளர்ந்துவிட்ட அவரே கோலூன்றி முன்னால் வந்தார். "ஏத்துங்கப்பா. என் வரப்புதான். நாஞ் சொல்றேன், ஏத்துங்க."

அதுவரை கூடவே நடந்து வந்த கலைவாணி மறுத்துத் தலையாட்டினார். "வேணாம் பெரியப்பா. அவரு ஏத்த மாட்டாரு. எறக்கித் தூக்கிக்கிட்டுப் போங்க."

இறக்கினோம். கோவிந்தசாமி கோலைக் கீழே போட்டுவிட்டு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். நான் அவருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். வரப்பை ஒட்டிய பாதையில், திருப்பத்தை மெதுவாகக் கடந்தோம்.

நன்றி, சகலை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தீர்கள். கட்டில் பேச்சையும் காப்பாற்றினீர்கள். இந்தமுறை போய்ச் சேர்ந்ததும் உங்களால் கூப்பிட முடியாது. பரவாயில்லை, கலைவாணியிடம் நாங்களே சொல்லிவிட்டோம்: முழுசாய்த்தான் போயிருக்கிறார்.