பைக் திருப்புகிற இடம்

தேயிலைத் தோட்டத்தில் பைக் சத்தம் கேட்டால் ஒதுங்கிவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சின்ன தொரைமார், நிர்வாகத்து இளைய அதிகாரிகள், பைக்கில்தான் மலையில் நடக்கிற வேலையைப் பார்க்க வருவார்கள். சத்தம் கேட்டதும் பாதையில் நடப்பவர்கள் ஓரமாகிவிடுவார்கள், தலையில் விறகுக் கட்டு இருந்தாலும் சரி, கொழுந்துச் சாக்கு இருந்தாலும் சரி. ஓரமே இல்லாத இடத்தில் தண்ணீர் போகிற கானுக்குள் இறங்கி நிற்பார்கள். இப்போது நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், லயத்துக்கு நாலு பைக் நிற்கிறது, ஆனாலும் பழக்கம் போகவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் என்று தெரியாதவரை கால் தானாகவே ஓரத்துக்குப் போகிறது.

எனக்கு அது பிடித்திருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தைரியம் வராது.

வெளிநாட்டுக்காரர்களை மலைப் பாதைகளில் பைக்கில் கூட்டிப் போவதுதான் என் தொழில். நாலு நாள், ஐந்து நாள் பயணம். தார் ரோடு எங்கெல்லாம் இல்லையோ அந்த வழியாகப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். சேறு, கல், ஓடை, ஏற்றம் எல்லாம் இருந்தால்தான் அவர்களுக்குச் சந்தோஷம். எங்கள் ஆட்கள் அந்தச் சேற்றிலிருந்து தப்பித்தால் போதும் என்று கொழும்புக் கடைகளுக்கு ஓடுகிறார்கள், இவர்கள் விமானம் ஏறி வந்து அதிலேயே விழுந்து எழும்புகிறார்கள். என் அக்காவுக்கு இந்த வேலையைப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. "சேத்துல வண்டி ஓட்டுறதுக்கு ஒரு உத்தியோகம், அதுக்கு ஒரு சப்பாத்து" என்று என் பூட்ஸைப் பார்த்துச் சொல்லுவாள்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே கல்யாணமாகி, அங்கேயே கொழுந்து பறித்தாள். வேகமான கை. வாய் அதைவிட வேகம். காய்ச்சலில் ஒருநாள் வீட்டில் இருக்கச் சொன்னால்கூட, நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்று சண்டைக்கு வருவாள். மலைக்குப் போனால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

எங்கள் பயணத்தில் ஒரு வரிசை உண்டு. நான் முன்னால் போவேன், விருந்தாளிகள் நடுவில், கடைசியில் மெக்கானிக். மெக்கானிக் என்னைவிட வயதில் மூத்த சிங்களவர், அமைதியான மனிதர். யார் விழுந்தாலும் தூக்கிவிட்டு, வண்டியைப் பார்த்து, பின்னாலேயே கூட்டி வருவது அவர் பொறுப்பு. முன்னால் போகிறவனுக்கு வழியும் வேகமும்தான் பொறுப்பு. ஈரமான ஏற்றத்தில் முன்வண்டி நினைத்த இடத்தில் நிற்கக்கூடாது. நான் ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் சேற்றில் படுத்துவிடுவார்கள்.

புது வழி ஒன்று வேண்டும் என்று முதலாளி கேட்டபோது என் தோட்டத்துப் பாதையைக் காட்டியது நான்தான். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்த பாதை அது. ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் இடுப்பளவு கான், நடுவில் ஒரு பைக் போகிற அகலம். ஏற்றத்தின் உச்சியில் ஒரு முடக்கு, பாதை வளைகிற இடம், இருக்கிறது. மறுபக்கத்து ரோட்டால் கொழுந்து ஏற்ற வருகிற லொறி திரும்புவதற்காக அந்த இடத்தை மட்டும் அகலமாக வெட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். தோட்டத்து நிர்வாகமும் சரி என்றது. முதல் தடவை அந்த வழியாக ஐந்து பைக்குக்கு முன்னால் போனபோது, சின்ன வயதில் என்னை அதட்டிய கங்காணி ஒருவர் கானுக்குள் இறங்கி நின்று எனக்கு வழி விட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி, "நான்தாங்க, ஏறி வாங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று முழுக்க எனக்குக் குஷியாக இருந்தது.

விருந்தாளிகளிடமும் அது என் தோட்டம் என்று சொன்னதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் ஹட்டன் என்பேன். லயத்தைக் கடக்கும்போது அவர்கள் ஃபோட்டோ எடுப்பார்கள், நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன். வெட்கம்தான், வேறென்ன.

அந்தப் பயணத்தில் நாலு பேர் வந்திருந்தார்கள். புருஷன் பெண்சாதி இருவர், அவர்களுடைய நண்பர்கள் இருவர். முதல் நாள் ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை வந்து தங்கினோம். இரவெல்லாம் மழை. மறுநாள் காலை பத்து மணிபோல எங்கள் தோட்டத்து ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். மண் சவர்க்காரம் மாதிரி வழுக்கியது.

எதிரே ஒரு பெண் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கொழுந்து நிறுக்கிற மடுவம் கீழே இருக்கிறது, மற்றவர்கள் முன்பே போய்விட்டிருக்க வேண்டும். முகம் தெரிவதற்கு முன்பே நடையில் தெரிந்துவிட்டது, அக்கா. அவள் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தாள். இடது பக்கம் மேடு, ஏற முடியாது. வலது பக்கம் கானுக்குள் ஒரு காலை இறக்கினாள். நான் அவளைக் கடந்துபோனேன். கை காட்டவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. சைட் கண்ணாடியில் பார்த்தபோது முதலில் சாக்கு சரிந்தது, கொழுந்து பாதையெல்லாம் கொட்டியது. அடுத்து பார்த்தபோது அவள் தலை தெரியவில்லை.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்க முடியாது. இது உண்மை, சாக்குப்போக்கு அல்ல. பின்னால் நாலு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த உண்மையை வைத்துக்கொண்டு முடக்கு வரை போனேன்.

முடக்கில் எல்லாரும் நிறுத்தினோம். எஞ்சினை அணைத்தேன். மேகம் விலகிப் பள்ளத்தாக்கு தெரிந்தது, சக்கரத்தடிச் சேற்றை மட்டுமே பார்த்து ஏறி வந்த விருந்தாளிகள் குதூகலமாகிவிட்டார்கள். கடைசியாக மெக்கானிக் வந்து சேர்ந்தார். கீழே ஒரு பெண் கானில் விழுந்துவிட்டார், தூக்கிவிடப் போனேன், வேண்டாம், நீ போ என்று கையைக் காட்டிவிட்டார் என்று சிங்களத்தில் சொன்னார். பலமான அடியா என்று கேட்டேன். தெரியவில்லை, உட்கார்ந்துதான் இருந்தார் என்றார்.

அது என் அக்கா என்று அவரிடம் சொல்லியிருந்தால், நீ போ, இவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருப்பார். அவ்வளவு நல்ல மனிதர். ஆனால் சொல்ல வேண்டுமென்றால் நாலு வெள்ளைக்காரர்களுக்கு முன்னால், கானில் விழுந்து கிடக்கிற கொழுந்துக்காரி என் அக்கா என்றும், அவளைத் தாண்டித்தான் வந்தேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளே போ என்று சொன்ன பிறகு என்ன, ஒன்றும் இருக்காது என்று முடிவு செய்துகொண்டேன். விருந்தாளிப் பெண் கேமராவை நீட்டினாள். நாலு பேரையும் நிற்க வைத்து ஃபோட்டோ எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷம் அங்கே நின்றோம். பிறகு ஸ்டார்ட் பண்ணி மறுபக்கம் இறங்கிவிட்டோம்.

மத்தியானம் வட்டகொடை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சான், அக்காவின் புருஷன், ஃபோன் பண்ணினார்.

"மாப்ள, ஒங்கக்கா மலையில வழுக்கி விழுந்துட்டா. கால் ஒடஞ்சிருச்சு. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாந்துட்டோம். பயப்படாத, பயணத்த முடிச்சிட்டே வா."

வழுக்கி விழுந்தாள் என்றுதான் சொன்னார். பைக் என்ற பேச்சே இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிப்பதில்லை.

வட்டகொடையிலிருந்து ஆஸ்பத்திரி என்ன, கடல் தாண்டியா இருக்கிறது? பைக்கில் போனால் சீக்கிரமே போய்விடலாம். அடுத்த நாள் இறம்பொடைக்குப் போனோம், அங்கிருந்தும் தூரமில்லை. விருந்தாளிகள் நீர்வீழ்ச்சிக்குக் கீழே குளித்துக் கூத்தடித்தார்கள், நானும் கரையில் நின்று சிரித்தேன். மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் பயணத்தை ஒழுங்காக முடித்தேன். என் வேலையில் நான் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டது அந்த மூன்று நாள்தான்.

நாலாம் நாள் நுவரெலியாவில் அவர்களை வழியனுப்பிவிட்டு, சேற்றைக் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா காலில் பெரிய கட்டுடன் படுத்திருந்தாள். முகம் வற்றியிருந்தது.

"சாப்டியாடா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"அந்த நாலு பேரும் விழாம வந்து சேந்தாங்களா?"

எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் அவளிடமோ மச்சானிடமோ சொன்னதே இல்லை. சேர்ந்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் மேலே கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி எப்படி விழுந்தாள் என்ற கதைக்குப் போய்விட்டாள். மச்சான் வந்தவர்களுக்கெல்லாம், "மழைக்கு வழுக்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவருக்குச் சொன்னது அதுதான்.

காலுக்குள் தகடு வைத்தார்கள். தடி ஊன்றி நடக்கிறாள், சரிவில் நிற்க முடிவதில்லை. ஆறு மாசம் பார்த்துவிட்டு தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டிவிட்டார்கள். நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன் என்றவள் இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம், மச்சான் சொன்னார்.

நான் அவளுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தேன், கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன், கிளினிக் நாள் தவறாமல் கூட்டிப் போனேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. பாதை மோசம் என்று முதலாளியிடம் சொல்லி அந்த வழியை நிறுத்திவிட்டேன். மற்றத் தோட்டங்களில் இப்போது யாரைக் கண்டாலும், சமமான இடமாக இருந்தால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுகிறேன். அவர்கள் நான் போகட்டும் என்று நிற்பார்கள், நான் அவர்கள் போகட்டும் என்று நிற்பேன். கொழுந்து நிறுக்கப் போகிற அவசரத்தில் எவனோ குறுக்கே நின்று மரியாதை பண்ணுவது அவர்களுக்குத் தொல்லையாகத்தான் இருக்கிறது.

இப்படியே இரண்டு வருஷம் போய்விட்டது. போன தை மாசம் ஒரு பின்னேரம், அக்கா லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். திடீரென்று வாயில் வந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கி அந்த ஏத்தத்துல முன்னால போனது நான்தான். ஒன்னயக் கண்டுட்டேதான் போனேன்."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டு என்னத்துக்கு? அந்த ஏத்தத்துல நிப்பாட்ட ஏலாதுன்னு எனக்குத் தெரியாதா? முடக்குக்குப் போயித்தான் பைக்கத் திருப்ப முடியும். அதான் ஒக்காந்திருந்தேன். பின்னால வந்த சிங்கள ஆளு தூக்குறேன்னாரு, போகச் சொல்லிட்டேன். மடுவத்துலேருந்து பொண்டுக ஓடியாந்தாளுக, கொஞ்சம் பொறுங்கடின்னேன்."

ஒரு களையை வேரோடு இழுத்து மண்ணை உதறினாள்.

"முடக்குல சத்தம் நின்னுச்சு. திருப்பப் போறான்னு நெனச்சேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. சரி, பைக்க வச்சிட்டு நடந்து வர்றான்போலன்னு, இடுப்புல கட்டியிருந்த சாக்க இழுத்து கால மூடிக்கிட்டேன். எலும்பு வெளிய தெரிஞ்சிச்சு. நீ பாத்தா பயந்துருவ."

பிடுங்கின களையைக் குவித்து ஓரமாகத் தள்ளினாள். "பொறகு ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டுச்சு" என்றாள். அந்தச் சத்தம் மறுபக்கம் இறங்கி, சுத்தமாக அடங்கின பிறகுதான் தன்னைத் தூக்கச் சொன்னாளாம்.