தொப்புளுக்குக் கீழே நாலு அங்குலம்

கைகள் ஒரு பேண்ட்டின் இடுப்புப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தன. இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாகத் தையல்காரர் தன் பேண்ட்டையே அகலப்படுத்துகிறார். முப்பத்தெட்டு வருடம் ஊரார் தொப்பையை அளந்தவருக்குத் தனக்கும் ஒன்று வந்ததில் உள்ளூரப் பெருமைதான்.

“முகம் ஒட்டிப்போச்சு, கையெல்லாம் குச்சி. வயிறு மட்டும் எப்படிங்க பெருக்கும்?” என்றாள் மனைவி. “நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் வேற ஓடுறீங்க.”

“வயசானா அப்படித்தான். அளவெடுக்கிறவன் நானா, நீயா?”

“அப்ப எடுங்களேன், பார்ப்போம்!”

ரோஷத்தில் டேப்பைச் சுற்றினார். தொப்புளுக்கு மேலே போன வருட அளவேதான். கீழே மட்டும் நாலு அங்குலம் கூடுதல், தொட்டால் கெட்டி. அப்படியொரு தொப்பைக்கு அவர் தைத்ததே இல்லை.

மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள்.

“இது கொழுப்பு இல்லைங்க, நிரம்பி நிக்கிற சிறுநீர்ப்பை” என்றார் டாக்டர். “புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைக்குது, அதான் அடிக்கடி போனாலும் கொஞ்சம்தான் வெளியேறுது. சிறுநீரகமும் இப்பத்தான் வீங்க ஆரம்பிச்சிருக்கு. நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க.”

“சீக்கிரமா? மூணு தடவை பிரிச்சுத் தைச்சுட்டுத்தான் வந்தேன், டாக்டர்.”

சிறுநீர் வடியக் குழாய் வைத்தார்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு கழிகிறது என்று குறித்துவரச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தேறி வருவதைப் பார்த்துத் தலையசைத்த டாக்டரிடம், தையல்காரர் தன் அளவு நோட்டை நீட்டினார். குடித்தது சட்டைக் கட்டத்திலும் கழிந்தது பேண்ட் கட்டத்திலும் இருந்தன.