எண்பதிலிருந்து முளைத்த மிளகுக் கொடி

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிர்ர்... கிர்ர்... என்று இழுக்கும் சத்தம். ஆபீஸ் முழுக்க ஈரச் சாக்கு நெடி... இரண்டாயிரமாம் வருஷத்துக் கொல்லிமலை எனக்கு இப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

நண்பர்களே, நான் பத்தாவது பெயில். ஆனாலும் மலைக்குப் போன முதல் கம்ப்யூட்டரை எழுபது கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனவன் நான்தான். அந்த பஸ்ஸில் வாந்தி எடுக்காதது இரண்டே பேர்... டிரைவரும் கம்ப்யூட்டரும்.

மிளகு நாற்று கொடுக்கும் ஒரு சின்ன சங்கத்தில் டேட்டா என்ட்ரி வேலை. ஆறு ஊர். நட்ட நூறு கொடியில் எத்தனை பிழைத்தது என்று ஊர்வாரியாக டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். சார்ட் போட்டால் ஊருக்கு ஒரு தூண் நிற்கும்.

முதல் சார்ட்டில் ஆறு தூணும் கிட்டத்தட்ட ஒரே உயரம். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டுமாம்.

நான் சும்மா இருப்பேனா... இடது பக்கக் கோட்டில் டபுள் கிளிக் செய்தேன். ஸ்கேல் என்று ஒரு பெட்டி திறந்தது. மினிமம் என்ற இடத்தில் 0 இருந்ததை 80 ஆக்கினேன். அடேயப்பா, ஒரு தூண் குட்டை, ஒரு தூண் நெட்டை! மேனேஜர் தோளில் தட்டினார். அந்த வித்தை தெரிந்தவர்கள் அப்போது மெட்ராஸிலேயே மூன்று பேர்தான் இருந்திருப்பார்கள்.

அடுத்த வாரம் கூட்டம். யாருக்கு மறுபடி நாற்று என்று முடிவு செய்ய, கீழேயிருந்து ஆபீசர் வந்திருந்தார். சுவரில் என் சார்ட். கடைசித் தூண் கட்டை விரல் உயரம்தான். அதன்மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, இந்த ஊரில் கொடியெல்லாம் செத்துவிட்டது போல, இந்த வருஷம் நாற்று வேண்டாம் என்றார்.

அது செல்லம்மாக்காவின் ஊர். கோடை முழுக்க ஓடையிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து கொடிக்கு ஊற்றியவர். மெதுவாக எழுந்தார்.

"ஏனுங்க, கொடிய மண்ணுல இருந்துதானுங்க அளப்போம். இந்தப் படத்துல மண்ணு எங்கீங்க இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண் எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும்... எண்பது படி கீழே! அவர்கள் ஊரில் பிழைத்தது எண்பத்து மூன்று. மற்ற ஊர்களில் தொண்ணூறுக்கு மேல். அவ்வளவுதான் வித்தியாசம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அந்த ஊருக்கு நாற்று கிடைக்காமல் போயிருக்கும்.

எழுந்து போய் மினிமத்தை 0 ஆக்கினேன். ஒரு பக்கம் பிரிண்ட் ஆக அரை மணி நேரம் ஆனது போலிருந்தது. ஆபீசர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டும் ஒரே கணக்கா என்று கேட்டார்.

"அதே கணக்குதானுங்க சார். கீழ எம்பத நாந்தான் வெட்டிப்போட்டேன்."

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். ஆபீசர் ரப்பர் கேட்டு வாங்கி, அந்தப் பெருக்கல் குறியை அழித்தார்.

வெளியே வந்ததும் செல்லம்மாக்கா என்னை நிறுத்தினார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"வெட்டுனத நீயே சொன்ன பாரு சாமி... ஒரு நா ஊட்டுக்கு வா, சாமைச் சோறு திங்கலாம்."

போனேன். மூன்று தட்டு சாப்பிட்டேன்.

இப்போது போனில் கண் சிமிட்டுவதற்குள் ஆயிரம் கிராஃப் வருகிறது. மருமகன் எதையாவது காட்டி, மாமா ராக்கெட் மாதிரி ஏறுது பாருங்க என்பான். நான் முதலில் அடியில் என்ன நம்பர் என்று பார்ப்பேன். அந்தப் பழக்கம் அக்கா போட்ட பிச்சை...

அந்த ஊர்க் கொடிகள் இன்றைக்கு மர உச்சியைத் தொட்டு நிற்கின்றன. பேளுக்குறிச்சிச் சந்தையில் யார் கேட்டாலும், அந்த ஊர் மிளகைக் காப்பாற்றியதே நான்தான் என்று சொல்வேன்.

செல்லம்மாக்கா பக்கத்தில் நின்றால் மட்டும், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவேன்.