சீனி போடாத கிண்ணம்

ஜூன் மாதம் பிறந்ததும் லண்டனிலிருந்து அத்தான் தொலைபேசி எடுப்பார். என் சுகம் விசாரிப்பதற்கு முன்பே, "மச்சான், வயல் திறந்தாச்சோ?" என்று கேட்பார். ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரின் கிழக்கு ஓரத்தில், நகரப் பேருந்து ஒன்று திரும்பும் கடைசித் தரிப்பிடத்துக்கு எதிரே இருக்கும் ஸ்ட்ரோபெரி வயலைத்தான் கேட்கிறார். வருகிறவர்கள் தாங்களே பறித்து, நிறுத்து, காசு கொடுத்துவிட்டுப் போகும் வயல். அக்காவும் அத்தானும் மகளோடு இருக்க லண்டனுக்குப் போன பிறகு நான் அங்கே தனியாகப் போகிறேன். இந்த ஆண்டும் போனேன். வரிசைகளுக்கு நடுவே புது வைக்கோல் பரப்பியிருந்தார்கள். வெயிலில் காயும் வைக்கோலும் பழமும் சேர்ந்த அந்த மணம் வந்ததும், அத்தான் முதன்முதலில் முழங்காலிட்டிருந்த இடத்தைக் கண் தானாகத் தேடியது.

அத்தான் அப்போது அந்த வழித்தடத்தில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக்கு வந்து பல ஆண்டுகள் உணவகங்களில் கோப்பை கழுவிய பிறகு, வயது போய்ப் படித்து எடுத்த சாரதி அனுமதிப்பத்திரம் அது. சீருடைச் சட்டையை அக்கா இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக் கொடுத்தாலும் தானே இன்னொருமுறை மினுக்குவார். நடக்கத் துணையாகத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நிற்கும் முதியவர்களைக் கண்டால் பேருந்தின் முன்பக்கத்தைத் தரையோடு தாழ்த்தி, அவர்கள் ஏறி அமரும்வரை பொறுத்திருப்பார். வேலை நேரத்தில் தமிழ் பேசமாட்டார். அக்காவே ஏறினாலும் "கூட்டன் டாக்" என்று ஜெர்மன் மொழியில் வணக்கம் சொல்வதோடு சரி.

நீரிழிவு அவருக்குப் பழைய நோய். ஒரு வசந்த காலத்தில், இரத்தத்தில் கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனி அளவு கூடிவிட்டது என்று வைத்தியர் சொன்னார். கோடை முடிய மறுபடி பார்ப்போம், அப்போதும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி தொடங்க வேண்டும் என்றார்.

"ஊசி எண்டா பஸ் போச்சு," என்றார் அத்தான், வீட்டுக்கு வந்ததும்.

"டொக்டர் அப்பிடிச் சொன்னவரோ?" என்று அக்கா கேட்டாள்.

"ஊசியால சீனி சட்டெண்டு இறங்கி, ஓடேக்க மயங்கினா? வேலையிட டொக்டர் பாத்துத்தான் முடிவு சொல்லுவாராம். பாத்தா என்ன சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியாதே?"

அதன் பிறகு அந்த வீட்டில் பேசப்பட்டதெல்லாம் ஊசியைப் பற்றித்தான். அத்தானுக்கு ஓய்வூதிய வயது வரச் சில ஆண்டுகள் இருந்தன. அதுவரை ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

உணவு ஆலோசகரிடம் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்க, அத்தான் பெருமையோடு சொன்னார்: கேக் இல்லை, சொக்லேட் இல்லை, பழம் மட்டும்தான். என்ன பழம் என்று அவள் கேட்டாள். காலையில் இரண்டு வாழைப்பழம். மாலையில் மாம்பழம், தமிழ்க் கடைக்குப் பெட்டி வந்துவிட்டால் பெட்டியோடு. பழம் உடம்புக்கு நல்லது என்பதால் அதில் இருக்கும் இனிப்பை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. எங்கள் ஆட்களில் அநேகமானோர் அப்படித்தான்.

அவள் பழத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் குறைத்து, ஸ்ட்ரோபெரி சாப்பிடுங்கள் என்றாள். அதில் பெரும்பகுதி தண்ணீர், அதே அளவு மாம்பழத்தில் இருப்பதைவிடச் சீனி மிகக் குறைவு, நார்ச்சத்து இருப்பதால் இரத்தத்தில் மெதுவாகவே சேரும், விற்றமின் சி ஆரஞ்சுத் தோடம்பழத்துக்குக் குறையாது. ஜாமாக வேண்டாம், சாறாக வேண்டாம், கடித்துச் சாப்பிடுங்கள். இது மருந்தல்ல, மாத்திரைகளை நிறுத்தக் கூடாது என்பதையும் இரண்டு தரம் சொன்னாள்.

"மாம்பழ நாளில இவருக்கு ஏர்ட்பேரயாம்," என்றாள் அக்கா, நாங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதும். இந்தப் பழத்துக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயர்தான் எங்கள் வீடுகளில் புழங்குவது. "உந்தப் புளியங்காயை ஆர் தின்னுறது?"

ஆனாலும் வாங்கினாள். அது மே மாதத் தொடக்கம். பல்பொருள் அங்காடியில் தூரத்திலிருந்து வந்த பழங்கள் இருந்தன. வெளியே சிவப்பு, வெட்டினால் நடுவில் வெள்ளை. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வெட்டிப் போட்டு அத்தானுக்கு முன்னால் வைப்பாள். அவர் ஒரு சொல் முறைப்பாடில்லாமல் சாப்பிட்டார். மாம்பழப் பெட்டியை வாங்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தினார். ஆனால் விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் சீனியின் எண் மட்டும் இரவில் இறங்க மறுத்தது.

"எல்லாத்தையும் விட்டாச்சு. இனி என்னத்தை விடுறது? சோத்தையோ?" என்று அத்தான் கருவியைப் பார்த்துக் கேட்டார்.

சனிக்கிழமைகளில் எனக்கு அங்கேதான் சாப்பாடு. ஒரு சனிக்கிழமை, அத்தான் பழத்தைத் தின்று முடித்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி அடியில் இருந்ததைக் குடித்தார். அடியில் இருந்தது சிவந்த பாணி, சீனிப்பாகு போலக் கரண்டியில் ஒட்டும் அளவுக்குத் தடிப்பானது. சும்மா வெட்டி வைத்த பழம் அவ்வளவு நேரத்தில் அப்படி நீர் விடாது.

"அக்கா, இதுக்குள்ள சீனி போட்டனீங்களோ?"

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "புளிப்பு முறிய ஒரு கரண்டி தூவினனான். அதென்ன பெரிய கதை? தேத்தண்ணிக்குள்ளயோ போட்டனான்? பழத்துக்குத்தானே."

"ஒரு கரண்டியோ?"

"இரண்டெண்டு வையும். மனிசன் எல்லாத்தையும் விட்டுப்போட்டு உந்தப் புளியைச் சப்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பாக்க ஏலாமல் கிடந்தது."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தை மெதுவாக மேசையில் வைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

அக்கா இப்போது திரும்பினாள். "என்ன தெரியும்?"

"சீனி கிடக்கெண்டு தெரியும். கேட்டா நிப்பாட்டிப்போடுவீர். அதான் பேசாமல் இருந்தனான்."

"அப்ப பஸ் போனாப் போகட்டும் எண்டோ இருந்தனீங்கள்? கருவியைப் பாத்துச் சோத்தையோ விடுறது எண்டு கேட்டீங்களே, வெக்கமில்லையோ?"

"சீனி போட்டது நீர், வெக்கம் எனக்கோ?"

கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். பிறகு அக்கா சீனிப் போத்தலை எடுத்து என் கையில் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அத்தானுக்குக் கோபம் ஆறவில்லை. சீனி இல்லாமல் அந்தப் பழத்தை இனித் தொடமாட்டேன் என்றார். தொடாவிட்டால் மறுபடி மாம்பழத்தில்தான் போய் நிற்பார் என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் அவரே சொன்னார்: "என்ர லைன் முடியிற இடத்தில ஒரு வயல் இருக்கு. சனம் சப்பிக்கொண்டுதான் பஸ் ஏறுதுகள். அதுகள் ஒண்டும் முகஞ்சுழிக்கிறதைக் காணேல்லை."

பழம் பழுத்து வயல் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போனோம். வாசலில் ஒரு மரக் குடில், அதற்குள் ஒரு தராசு, வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண். மட்டைப் பெட்டியைத் தந்து விதியைச் சொன்னாள்: பெட்டிக்குள் போடுவதற்குத்தான் காசு, நின்ற இடத்தில் சாப்பிடலாம். அத்தான் தமிழில் சொன்னதும் அக்கா நம்பவில்லை.

"காசு குடுக்காமல் வாயில வைக்கிறதோ? ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?"

அத்தான் அதைத் திருப்பி ஜெர்மன் மொழியில் சொல்ல, அந்தப் பெண் சிரித்து, வேண்டுமென்றால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் உங்களைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன் என்றாள். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறென்று வரிசைக்குள் போய்விட்டாள்.

ஸ்ட்ரோபெரி நின்றபடி பறிக்கும் பழமல்ல. இலைகளை விலக்கிக் குனிந்து தேட வேண்டும். அத்தான் குனிந்து பார்த்தார், முதுகு விடவில்லை. வைக்கோலில் முழங்காலிட்டார். முதலில் எடுத்ததைத் திருப்பிப் பார்த்தார், மண்பக்கம் வெள்ளையாக இருந்தது. அடுத்தது சுற்றிவரச் சிவப்பு. காம்பைக் கிள்ளி வாயில் போட்டார். இன்னொன்று, பிறகு இன்னொன்று.

"இஞ்சேருங்கோ, புளிக்குதோ?" என்று அக்கா அடுத்த வரிசையிலிருந்து கேட்டாள்.

"நீரே தின்னும்."

அக்கா குடில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றை வாயில் வைத்தாள். வெயில் குடித்து இளஞ்சூடாக இருந்த பழம். மென்று விழுங்கிவிட்டு, "இதை விட்டிட்டு நான் கடையில காயை வாங்கிச் சீனி போட்டிருக்கிறன்," என்றாள். பிறகு அவளும் முழங்காலிட்டாள். வரும்போது அவளுடைய விரல்களும் உதடும் சிவந்திருந்தன. பெட்டியில் பாதிதான் நிரம்பியிருந்தது.

அந்தப் பருவம் முழுவதும் ஞாயிறுகளில் போனோம். குடிலில் இருந்த பெண் அக்காவைக் கண்டால் தராசைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பாள். மிஞ்சியதை அக்கா உறைபெட்டியில் வைத்து, ஆகஸ்டிலும் எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடிக் கிண்ணம் அதேதான். அடியில் பாணி இல்லை. இந்தப் பழம் அத்தானின் நோயைக் குணப்படுத்தியது என்று எழுதினால் அது பொய். மாத்திரை இருந்தது, மாம்பழப் பெட்டி இல்லை, சீனிப் போத்தல் என் வீட்டில் இருந்தது, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பாக ஒன்று அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்று இல்லாமல் மற்றவை நிலைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோடை முடிவில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் நாளில் அத்தானுக்கு மாலை வேலை. தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. நான் வேலை முடிந்து அவருடைய வழித்தடத்துத் தரிப்பிடத்தில் போய் நின்றேன். நான் மட்டும்தான் நின்றேன், தள்ளுவண்டியோடு எவரும் இல்லை. பேருந்து வந்து நின்றது. பெருமூச்சுப் போன்ற சத்தத்தோடு அதன் முன்பக்கம் தரையை நோக்கித் தாழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் யார் ஏறப்போகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. அத்தான் மினுக்கிய சட்டையோடு இருக்கையில் நிமிர்ந்து இருந்தார்.

"ஏறும் மச்சான்," என்றார், எல்லோருக்கும் கேட்கத் தமிழில். "ஊசி இல்லையாம்."